வீடு வீடாகத் தூங்கும் இயந்திரம்

1

பாலத்தில் போட்டிருந்தது பலகையா தகரமா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. பாலத்தையே நினைவில் வைத்திருக்காதவன், அதன்மேல் நடந்துபோன ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம்? நீங்கள் கேட்பதற்கு முன் நானே கேட்டுவிடுகிறேன்.

கதை எங்கிருந்து வந்தது என்பதில் மட்டும் சந்தேகமில்லை. வெகுதூரத்து நாடொன்றில் ஒரு சிறு குழு இருந்தது. பழைய விவசாய இயந்திரங்களைப் பழுதுபார்த்து, வாங்க வழியில்லாத ஊர்களுக்கு இலவசமாக அனுப்பிவைப்பது அவர்கள் வேலை. அப்படி அவர்கள் அனுப்பிய ஒரு கதிரடிக்கும் இயந்திரம், ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ஓர் ஊருக்குப் போனது. அதைக் கொடுத்த மனிதரும் கூடவே வந்தார். அவர் பேசுவதை ஊருக்கும், ஊர் பேசுவதை அவருக்கும் மொழிபெயர்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் நான். நேரம் கிடைத்தால் படிப்பேன், படிக்காதபோது சும்மா இருப்பேன். இப்படிப்பட்டவனுக்கு அந்த ஊர் முதல் நாளே ‘பேச்சுக்காரர்’ என்று பெயர் வைத்துவிட்டது.

பாலத்தைப் பற்றிக் கேட்க வெண்கலத்துக்கு ஃபோன் செய்தேன்.*

“பலகையோ தகரமோ, அதுவா இப்ப முக்கியம்? யாரும் ஆத்துல விழல. அத எழுதுங்க.”

எழுதிவிட்டேன்.

* வெண்கலம் இந்தக் கதையின் நாயகி. குரலுக்காக வந்த பெயர். அவர் தன் வயலில் நின்று யாரையாவது திட்டினால், அக்கரை வீட்டில் இருப்பவர்கள் தங்களைத்தானோ என்று ஒருமுறை யோசித்துப் பார்ப்பார்கள்.

2

கைவிட்ட தொடக்கங்கள்.

“கருமேகங்கள் திரண்டிருந்த அந்த மாலையில், தொலைவிலிருந்து ஒரு லாரியின்—”

வேண்டாம். மேகம் திரளாமல் நான் ஒரு கதையும் தொடங்கியதில்லை என்று என் மனைவி சொல்வாள். இந்தக் கதையில் மேகம் உண்மையாகவே திரண்டது. ஆனாலும் அவளுக்கு இடம் கொடுக்க விருப்பமில்லை.

“தன் வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டுமே விளைவிக்கும் சிறு விவசாயிக்கு ஓர் இயந்திரம் என்பது வெறும் இரும்பு அல்ல, அது—”

இது கட்டுரை. கட்டுரையில் யாருக்கும் முதுகு வலிக்காது.

“வெண்கலத்துக்கு முதுகு வலித்தது.”

இதை வைத்துக்கொள்கிறேன். கணவர் இருந்தவரை இரண்டு பேராகக் கதிரைக் கல்லில் அடித்தார்கள். அவர் இறந்தபின் வெண்கலம் ஒருவராக அடித்தார். அடித்து முடிப்பதற்குள் எப்படியும் ஒரு மழை வந்து, மிச்சக் கதிர் களத்திலேயே முளைத்துவிடும். இரண்டு வருடம் அப்படிப் போனது. மூன்றாவது வருடமும் போனால், நிலத்தைக் கணவரின் அண்ணனிடம் குத்தகைக்கு விட்டுவிட்டு நகரத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விடுவதாகப் பேச்சு. தங்கை வீட்டில் மாடிப்படிக்குக் கீழே ஓர் இடம் ஒழித்து வைத்திருந்தார்கள்.

“நல்ல இடந்தான்,” என்றார் என்னிடம். “நேரா நிக்க மட்டும் முடியாது.”

அந்த வருடம் ஊரிலேயே முதலில் விளைந்தது அவருடைய வயல். கதிரை அறுத்துக் களத்தில் போட்டிருந்தார். அப்போதுதான் லாரி வந்தது.

3

லாரி பாலத்துக்கு முன் நின்றது. தொங்குபாலம். ஓர் ஆள் நடந்தாலே ஆடும்.

இயந்திரத்தைக் கொடுத்தவர் இறங்கினார். ஊர் அவரை அண்ணாந்து பார்த்து, ‘நெட்டை’ என்று பெயர் வைத்தது. அவர் பாலத்தைப் பார்த்தார். இயந்திரத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி அதற்குள்ளும் பார்த்தார்.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. வழியெல்லாம் இருவரும் பேசாமலே வந்திருந்தோம். ஒரே ஒருமுறை, தன் நிலம் இப்போது பெரிய கிடங்காகிவிட்டது என்றும், இந்த இயந்திரத்தை மட்டும் விற்க மனம் வரவில்லை என்றும் சொன்னார். தன் கையாலேயே பச்சை வர்ணம் அடித்திருந்தார்.

ஊர் விவசாயச் சங்கத்தின் தலைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வெண்கலத்தின் கணவருக்கு அண்ணன் இவர்தான்.

(முதல் பிரதியில் தலைவரைக் கெட்டவராக்கினேன். மீசையைக்கூடக் கொஞ்சம் தடிமனாக்கியிருந்தேன். வெண்கலத்துக்கு ஃபோனில் படித்துக் காட்டினேன். “அவரு அப்படி ஆளு இல்ல,” என்றார். “எல்லாம் தன்னாலதான் நடக்கணும்னு நினைப்பாரு. அவ்வளவுதான். மீசைய எடுங்க.” எடுத்துவிட்டேன்.)

“இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றார் தலைவர். “ரோட்டோரம் என் கொட்டகை இருக்கு. பூட்டு இருக்கு, கூரை இருக்கு. மிஷின் அங்க நிக்கட்டும். கதிரை எல்லாரும் இந்தப் பக்கம் தூக்கிட்டு வாங்க.”

“பாலத்துல தூக்கிட்டு வந்தா பாதி மணி ஆத்துக்குத்தான் போகும் மாமா,” என்றார் வெண்கலம். “மீனுக்கு அடிச்சுக் கொடுக்கவா இவரு இவ்வளவு தூரம் வந்தாரு?”

சிரிப்பு எழுந்தது. தலைவரும் சிரித்தார், பாதி.

வெண்கலம் இயந்திரத்தை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு என்னிடம் கேட்டார்: “இதைக் கழட்டலாமான்னு கேளுங்க.”

கேட்டேன். நெட்டை தலையை வேகமாக ஆட்டினார். முடியாது. கழற்றினால் மறுபடி இங்கே யார் மாட்டுவது?

“கழட்டுறப்ப நாங்க எல்லாரும் பாத்துக்கிட்டுதானே நிப்போம்னு சொல்லுங்க. ஆளுக்கு ஒண்ணு தூக்குவோம். தூக்குறது எங்கேருந்து வந்துச்சுன்னு தூக்குறவனுக்குத் தெரியாதா?”

அதையும் சொன்னேன். அவர் பச்சை வர்ணத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கூட்டம் என்னைப் பார்த்தது.

“என்ன சொல்றாரு?” என்றார் யாரோ.

“இன்னும் ஒண்ணும் சொல்லல.”

“பேச்சுக்காரரே, நீங்களாவது ஏதாவது சொல்லக்கூடாதா?”

நெட்டை லாரிக்குப் போய் ஸ்பானரை எடுத்துவந்தார்.

4

இந்தப் பகுதியைத்தான் திரும்பத் திரும்ப எழுதினேன். எப்படி எழுதினாலும் அன்று பார்த்ததைவிடச் சிறியதாகிறது.

கதிரை உதிர்க்கும் பெரிய உருளையை ஒரு கம்பத்தில் கட்டி நான்கு பேர் தோளில் ஏற்றினார்கள். இன்ஜினைத் தலைவரும் அவர் மகன்களும் எடுத்துக்கொண்டார்கள். பெல்ட்டுகளை ஒருவர் மாலையாகப் போட்டுக்கொண்டு, பாலம் முழுவதும் இருபுறமும் கும்பிட்டுக்கொண்டே போனார். சல்லடையின் ஒரு முனையில் ஒரு மாமியாரும் மறுமுனையில் அவர் மருமகளும் மாட்டிக்கொண்டார்கள். இருவருக்கும் வெகுநாளாகப் பேச்சுவார்த்தை இல்லை.

“சல்லடையே, கொஞ்சம் மெதுவாப் போ,” என்றார் மாமியார்.

“சல்லடை மெதுவாத்தான் போகுது. பின்னாடி இருந்து தள்ளாம இருந்தாச் சரி,” என்றாள் மருமகள்.

பெல்ட் ஓடுகிற இரும்புச் சக்கரத்தை, மெக்கானிக்குகள் புல்லி என்பார்களே அதை, வெண்கலம் இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார்.

அக்கரை சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மழை வந்தால் நனையும் என்று அவரவர் தூக்கிவந்ததை அவரவர் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். யாரும் திட்டமிடவில்லை. இதைச் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் பின்னால் இதைத் தன் யோசனை என்று சொல்லிக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

5

காலையில் தலைவர் தன் வீட்டு முன்னால் நின்றுகொண்டிருந்தார். வானம் ஈயம் பூசியதுபோல் இருந்தது.

“இன்ஜின் கனம். இனி அதை அசைக்க முடியாது. என் களத்துலயே மாட்டிருவோம். மிச்சத்தை இங்க கொண்டு வாங்க. முறை வெச்சு எல்லாரும் அடிச்சுக்கலாம்.”

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. முறை என்றால் முதலில் பக்கத்தில் இருப்பவர்கள். வெண்கலத்தின் வயல் ஊரின் கடைசி.

வெண்கலம் புல்லியோடு வந்து நின்றார்.

“மத்தவங்க கதிர் இன்னும் வயல்ல நிக்குது. உங்களுது தார்ப்பாய்க்கு அடியில இருக்கு. என்னோடது ஒண்ணுதான் வானத்துக்குக் கீழ கிடக்கு மாமா. முதல்ல என் களத்துக்கு வரட்டும்.”

“ஒருத்திக்காக ஊர் மிஷின் ஊர் கடைசிக்குப் போகணுமா?”

“போகவேண்டாம். ஆனா இந்தச் சக்கரம் என் வீட்ல தூங்குச்சு. என் களத்துக்குத்தான் வரும்.”

“சக்கரத்தை மட்டும் வெச்சு என்னம்மா பண்ணுவ?”

“இன்ஜினை மட்டும் வெச்சு நீங்க என்ன பண்ணுவீங்க?”

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். முதுகு நேராகத்தான் இருந்தது. ஆனால் நாலு அடிக்கு ஒருமுறை வானத்தை அண்ணாந்து பார்த்தார். மழை வந்தால் இந்த வீம்பினால் யாருக்கும் நஷ்டமில்லை, அவருக்கு மட்டும்தான்.

நெட்டை என்னைத் தொட்டு, என்ன தகராறு என்று கேட்டார். இயந்திரத்தை எங்கே நிறுத்துவது என்று, என்றேன்.

“எங்கள் ஊரிலும் இதே தகராறுதான்,” என்றார். “ஆளுக்கு ஒன்று வாங்கித் தீர்த்துக்கொண்டோம். இப்போது எல்லார் கொட்டகையிலும் ஒன்று துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது.”

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

[இங்கே ஒரு நீண்ட பத்தி இருந்தது. கொடை என்றால் என்ன, கொடுக்கப்பட்ட பொருள் யாருக்குச் சொந்தம், கொடுத்தவருக்கு அதில் கடைசிச் சொல் உண்டா என்றெல்லாம். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதை எழுதிக்கொண்டிருக்கும்போது வெண்கலத்தின் கதிர் திறந்தவெளியில் கிடப்பது நினைவுக்கு வந்து அடித்துவிட்டேன்.]

முதலில் தெருவில் இறங்கியது சல்லடை.

“சல்லடை வெண்கலம் களத்துக்குப் போகுது,” என்றார் மாமியார், யாரையும் பார்க்காமல்.

“நானும் அதையேதான் சொல்லலாம்னு இருந்தேன். சல்லடைகிட்ட,” என்றாள் மருமகள்.

இருவரும் தலைவர் வீட்டைத் தாண்டிப் போனார்கள். பிறகு உருளை, நான்கு தோள்களில். பிறகு விசிறி. பெல்ட்டுக்காரர் இன்றும் மாலையோடு, ஆனால் கும்பிடாமல். ஒவ்வொரு வீட்டுக் கதவும் திறந்தது. ஒவ்வொரு கதவிலிருந்தும் பச்சை வர்ணம் அடித்த ஒரு துண்டு இரும்பு வெளியே வந்தது.

தலைவர் திண்டாடிப்போய் நின்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார்.

“ஊர் சாமானெல்லாம் போகுது. நம்ம வீடு மட்டும் வெறுங்கையோட நிக்கணுமா? நாளைக்கு நான் எந்த முகத்தோட தண்ணிக்குப் போவேன்?”

தலைவர் வானத்தைப் பார்த்தார். மகன்களைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

“ஏய், வழி விடுங்கப்பா! இன்ஜின் இல்லாம அங்க போய் என்ன பண்ணப் போறீங்க? ஓரமாப் போங்க, இன்ஜின் வருது!”

கடைசியாகக் கிளம்பியவர், கத்திய கத்தலில் எல்லாருக்கும் முன்னால் போய்விட்டார்.

6

மாட்டுவதற்கு நெட்டை தேவைப்படவே இல்லை. உருளையைத் தூக்கி வந்தவர்கள் உருளையின் இடத்தில் நின்றார்கள். நெட்டை சல்லடையைத் தொடப் போனபோது மாமியார் அவர் கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

“கையை எடுக்கச் சொல்லுங்க. எந்தப் பக்கம் மேலன்னு எங்களுக்குத் தெரியும்.”

‘எங்களுக்கு’ என்றார். மருமகள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

கடைசியில் வெண்கலம் புல்லியை மாட்டினார். தலைவர் இன்ஜின் கயிற்றை இழுத்தார். இருமியது. மறுபடி இழுத்தார். இருமியது. மூன்றாவதாக இழுத்தபோது பிடித்துக்கொண்டது. மொத்தக் களமும் கத்தியது. வெண்கலத்தின் குரலே அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை. அந்த ஊர் வரலாற்றில் அதுதான் முதல்முறை என்று பிறகு சொன்னார்கள்.

கதிர் உள்ளே போனது. வைக்கோல் ஒரு பக்கம் பறந்தது. மறுபக்கம் மணி கொட்டியது, நிற்காமல், பொன்னாக. வெண்கலம் இரண்டு கையையும் அதன் அடியில் நீட்டினார். நிரம்பி வழிந்தது. வழிய விட்டார்.

நெட்டை என் பக்கத்தில் நின்று அழுதார். நான் வேறு பக்கம் பார்த்தேன். எனக்கும் கண் சரியாக இல்லை.

7

முடிவுகள்.

முதல் முடிவில், கடைசி மூட்டையைக் கட்டி முடித்த அதே நொடியில் மழை கொட்டுகிறது. எனக்கு அப்படித்தான் நினைவும் இருக்கிறது. வெண்கலத்துக்குப் படித்துக் காட்டினேன்.

“அன்னிக்கு எங்க மழை வந்துச்சு? ரெண்டு நாள் கழிச்சுத்தான் வந்துச்சு. அப்ப மணியெல்லாம் பத்தாயத்துல இருந்துச்சு. நான் உள்ள உக்காந்து மழையை வேடிக்கை பாத்தேன். அத எழுதுங்களேன். மழையை வேடிக்கை பாக்குறது எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா?”

இரண்டாவது முடிவில் நெட்டை ஓர் உரை நிகழ்த்துகிறார், நான் மொழிபெயர்க்கிறேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. மூன்றாவதில் மாமியாரும் மருமகளும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். “ஐயோ,” என்றார் வெண்கலம். அதையும் எடுத்துவிட்டேன்.

எங்கே நிறுத்துவது என்பதை உங்களிடமே விடுகிறேன். களத்தில் நிறுத்தினாலும் சரி, பத்தாயத்துக்குப் பக்கத்தில் மழை பார்த்துக்கொண்டு நிறுத்தினாலும் சரி. என்னிடம் மிச்சம் இருப்பது யார் என்ன ஆனார்கள் என்ற விவரம் மட்டும்.

இயந்திரம் இன்னும் ஓடுகிறது. ஒவ்வொரு அறுவடை முடிந்ததும் கழற்றப்பட்டு வீடு வீடாகத் தூங்கப் போகிறது. எந்தக் கதிர் திறந்தவெளியில் கிடக்கிறதோ அந்தக் களத்துக்கு முதலில் போகிறது. நெட்டை ஊர் திரும்பிக் குழுவினரிடம் பேசினார். அவர்கள் இப்போது அனுப்பும் இயந்திரங்கள் ஸ்பானர் இல்லாமல் கையாலேயே கழற்றக்கூடியவை, இரண்டு பேர் தூக்கமுடியாத பாகம் ஒன்றுகூட இல்லாதவை. போன வருடம் அப்படிப்பட்ட இரண்டு, மலைக்கு மேலே இருக்கும் ஊர்களுக்குத் தலைச்சுமையாகவே போயின. நெட்டைக்கு முட்டிவலி. அவர் வருவதில்லை, பிள்ளைகளை அனுப்புகிறார். மாமியாரும் மருமகளும் இப்போதும் சல்லடை வழியாகத்தான் பேசிக்கொள்கிறார்கள், ஆனால் நிறையப் பேசுகிறார்கள். தலைவர் தலைவராகவே இருக்கிறார், இன்ஜினுக்கு வாரம் தவறாமல் எண்ணெய் போடுகிறார். நான் அந்த ஊருக்கு வருடம் ஒருமுறை போய், யாரோடும் அதிகம் பேசாமல் திரும்பி வருகிறேன். வெண்கலம் தங்கை வீட்டுக்கு விருந்தாளியாகப் போய்விட்டு வருகிறார். நிலத்தைக் குத்தகைக்கு விடவில்லை. போன பருவத்தில் தலைவரின் நிலத்தில் ஒரு துண்டை அவர் குத்தகைக்கு எடுத்தார்.