முதலில் செருகிய கை

எங்கள் வீட்டில் ரவுட்டருக்குக்கூட நல்ல நேரம் பார்த்தார்கள். இதைச் சொன்னால் என்னோடு வேலை செய்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவர்களுக்கென்ன, சிரிக்கலாம். எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

கணவர் இறந்த பிறகு நான் கடலூர் புதுப்பாளையத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்தேன். மாடியில் ஒரு அறை எனக்கு. அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் காதில் மாட்டிக் கேட்டு, ஒரு வார்த்தை பிசகாமல் டைப் அடித்து அனுப்புவது என் வேலை. ஆபீஸ் சிதம்பரத்தில். தினமும் பஸ்ஸில் போய் பஸ்ஸில் திரும்பி, இடுப்பு கழன்றுபோயிருந்த சமயத்தில், அது 2010, நன்றாக அடிக்கிற சிலர் மட்டும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றார்கள். அந்தச் சிலரில் நானும் ஒருத்தி. என் வாழ்க்கையில் யாரும் சிபாரிசு செய்யாமல் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல காரியம் அது.

ஆனால் நெட் நிற்கக் கூடாது. எங்கள் வீட்டில் டெலிபோன் கம்பி வழியாக வந்துகொண்டிருந்த நெட்டோ, வானத்தில் மேகம் கூடினாலே படுத்துவிடும். பாதி ஃபைலில் அறுந்து, அறுந்து, கடைசியில் எங்கள் சூப்பர்வைசர் பெலிசியா மேடம் போன் செய்தார்.

"திலகா, நான் எவ்ளோதான் சமாளிக்கிறது? சனிக்கிழமை ஆபீஸ் மூடுறதுக்குள்ள உன் வீட்லேர்ந்து ஒரு டெஸ்ட் ஃபைல் அறுந்துபோவாம வந்து சேரணும். வரலன்னா அந்த எடத்த வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. என் கையில ஒண்ணுமில்ல."

வேறு ஆளுக்குக் கொடுத்தால் நான் மறுபடி பஸ்ஸில் போகலாம் என்றுகூட இல்லை. ஆபீஸில் என் நாற்காலியில் ஏற்கெனவே புது ஆளை உட்கார வைத்திருந்தார்கள்.

உடனே பழைய இணைப்பை வெட்டிவிட்டு, எங்கள் பக்கம் புதிதாக வந்திருந்த கெடிலம் நெட் என்ற கேபிள் கம்பெனிக்கு மாறினேன். அவர்கள் பழைய மோடம் ஆகாது என்றதால், மாடிவரை ஒயரில்லாமல் நெட் எட்டுகிற புது ரவுட்டரும் வாங்கினேன். வியாழக்கிழமை அவர்கள் ஆள் வினோத்குமார் வந்து, போஸ்ட்டிலிருந்து ஒயரை இழுத்து, ஹாலில் ஜன்னல் ஓரம் விட்டார். நான் ஒயரின் முனையை எடுத்து ரவுட்டரில் செருகப் போனேன்.

"இரு திலகா, ஒரு நிமிஷம்" என்றாள் அண்ணி.

அண்ணி புஷ்பவள்ளி கெட்டவள் இல்லை. சாப்பாட்டில் குறை வைத்ததில்லை, ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் புதிதாக எது வந்தாலும் நான் முதலில் தொடக் கூடாது. அதை அவள் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். "இரு திலகா" என்பாள், அவ்வளவுதான். கிரைண்டர் வந்தபோது "இரு திலகா". ஃபிரிட்ஜ் வந்தபோது "இரு திலகா". அப்புறம் சிதம்பரத்துக்குப் போன் போகும். அங்கே மேல வீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அவளுடைய அண்ணன் நடனசபாபதி மாமா கிளம்பி வருவார்.

மாமா கைராசிக்காரர். இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சியது அவர். அண்ணனின் பைக்கை முதலில் ஓட்டியது அவர். போர் போடும்போது முதலில் கற்பூரம் காட்டியதும் அவர்தான். தண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. அவர் கையே படாத எதிர் வீட்டுப் போரிலும் தண்ணீர் பொங்கிக்கொண்டுதான் வந்தது. அதை யாரும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

அன்றைக்கும் வந்தார். கடைக் கணக்குப் பார்க்கிற லேப்டாப்பைக் கையோடு கொண்டுவந்திருந்தார். "நெட்டு வர்றத கண்ணால பாக்கணும்ண்ணா" என்றாள் அண்ணி. என் கம்ப்யூட்டரோ மாடியில். ராகு காலம் முடிந்ததும் மாமா ஒயரை வாங்கி, கண்ணை மூடி, தன் லேப்டாப்பிலேயே செருகினார். நெட் வந்தது. அண்ணிக்குப் பூரிப்பு. வேறு வீட்டு வேலையை முடித்துவிட்டு அதற்குள் திரும்பி வந்திருந்த வினோத்குமார் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். மாமா வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் போனார்.

அப்புறம் எனக்கு அனுமதி கிடைத்தது. ரவுட்டரில் செருகினேன். வரவில்லை.

பவர் விளக்கு எரிந்தது, நெட் விளக்கு மட்டும் ஆரஞ்சு நிறத்தில் முறைத்துக்கொண்டிருந்தது. அணைத்துப் போட்டேன். பின்னால் இருக்கிற ஓட்டையில் குண்டூசி விட்டு ரீசெட் செய்தேன். புத்தகத்தில் போட்டிருந்தபடி செட்டிங் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு கட்டமாகச் சரிபார்த்தேன். ரவுட்டரே வேண்டாமென்று கம்ப்யூட்டரைக் கீழே தூக்கி வந்து நேராக ஒயரைச் செருகினேன். அப்போதும் இல்லை.

கெடிலம் நெட்டுக்குப் போன் செய்தேன்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா மேடம்?"

"பண்ணேன் சார்."

"வீட்ல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா போன குடுங்க மேடம்."

எனக்கு வந்த கோபத்தில் அந்த ஆளின் காதில் ஏதாவது சொல்லியிருப்பேன். ஒயர் அவர்கள் கையில் இருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். மறுநாள் வினோத்குமார் வந்தார். ஒயரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "லைன் சூப்பரா இருக்குக்கா, நேத்து நம்ம கண்ணு முன்னாடியே வந்துச்சே. உங்க ரவுட்டர்தான் டூப்ளிகேட்டு. உங்க கம்ப்யூட்டரும் பழசு. நம்மகிட்டயே ரவுட்டர் இருக்கு, வாங்கிக்கங்க" என்றார். ரவுட்டரையும் கம்ப்யூட்டரையும் ஒரே நாளில் ஒன்றாகக் கெட்டுப்போக வைத்தவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அவர் போனதும் அண்ணி கறிவேப்பிலை உருவிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். "எங்க அண்ணன் கை வெச்சப்போ டக்குனு வந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லல."

ஒன்றும் சொல்லவில்லையாம். இதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்? அண்ணன் மணிவண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காதிலும் விழுந்தது. ரிமோட்டை எடுத்து சத்தத்தைக் கூட்டினான்.

மாடிக்குப் போய் அழுதேன். அழுகையைவிட மோசமான ஒன்றும் அன்றைக்குச் செய்தேன். பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாளைக் கூப்பிட்டு, "யக்கா, இந்த ஒயர கொஞ்சம் செருகி வுடேன், எனக்கு இறுக்கமா இருக்கு" என்றேன். ஒயர் இறுக்கமாக இல்லை. தாலியும் குங்குமமுமாக இருக்கிற ஒருத்தி செருகினால் வருகிறதா பார்ப்போம் என்றுதான் கூப்பிட்டேன். படித்தவள், நாள் முழுக்க மருத்துவம் கேட்டு டைப் அடிக்கிறவள், அந்த நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

கொளஞ்சியம்மாள் செருகியும் வரவில்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். "இன்னாடி, வரலன்ற, சிரிக்கிற?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அப்போதுதான் மூளை வேலை செய்தது. கொளஞ்சியம்மாளிடம் இல்லாதது மாமாவிடம் என்ன இருந்தது? லேப்டாப் இருந்தது.

சனிக்கிழமை காலையில் நானே மாமாவுக்குப் போன் செய்து, "மாமா, லேப்டாப்பு எடுத்துகிட்டு ஒரு தடவ வந்துட்டுப் போங்க" என்றேன். தன் கைக்கு மறுபடி கிராக்கி வந்துவிட்டது என்று மதியச் சாப்பாட்டு நேரத்துக்கே வந்து சேர்ந்தார். தன் லேப்டாப்பில் ஒயரைச் செருகினார். நெட் வந்தது. அண்ணி என்னைப் பார்த்தாள்.

"மாமா, இப்ப அதே கையால என் கம்ப்யூட்டர்ல செருகுங்க."

செருகினார். வரவில்லை. கழற்றி, துடைத்து, முருகா என்று சொல்லி இன்னொரு முறை செருகினார். வரவில்லை. மாமாவுக்கு நெற்றியில் வேர்த்துவிட்டது.

"குடுங்க" என்று ஒயரை வாங்கினேன். அண்ணி "இரு திலகா" என்பதற்குள் மாமாவின் லேப்டாப்பில் என் கையால் செருகினேன். நெட் ஜோராக வந்தது.

"பாத்தீங்களா அண்ணி? கையில ஒண்ணுமில்ல. மிஷின்ல இருக்கு விஷயம்."

அண்ணி கொஞ்ச நேரம்தான் யோசித்தாள். "அது எங்க அண்ணன் தொட்டுத் தொட்டுப் பொழங்குற மிஷினு. அதான் வருது."

இதற்கு உலகத்தில் யாரால் பதில் சொல்ல முடியும்? போனை எடுத்து கெடிலம் நெட்டைக் கூப்பிட்டேன். ஆம்பளையிடம் கொடுக்கச் சொன்ன அதே குரல்.

"சார், மொதல்ல எந்த மிஷின்ல போடுறமோ அத மட்டுந்தான் உங்க சைடு ஒத்துக்குமா?"

"ஆமா மேடம். அந்த மிஷினோட நம்பரு இங்க பதிவாயிடும். வேற மிஷின் போட்டா எடுக்காது."

"இத ஏன் சார் மொதல்லயே சொல்லல?"

"நீங்க கேக்கலியே மேடம்."

நான் கேட்கவில்லையாம்! அவர்கள் பூட்டு போட்டுவிட்டுப் போவார்களாம், பூட்டு போட்டிருக்கிறதா என்று நான் கேட்க வேண்டுமாம். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். மூச்சு விட நிறுத்தியபோது அந்த ஆள், "அழிச்சுட்டேன் மேடம், இப்ப ரவுட்டர போடுங்க" என்றார்.

"மாமாவே..." என்று அண்ணி வாயெடுத்தாள். அதற்குள் நான் செருகிவிட்டேன். ஆரஞ்சு விளக்கு இரண்டு முறை துடித்துப் பச்சையானது. கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடி, டெஸ்ட் ஃபைலைக் கேட்டு, அடித்து, திருத்தி, அனுப்ப ஆரம்பித்தேன். ஆபீஸ் மூட இன்னும் நேரமிருந்தது. பாதிக்குமேல் போய்விட்டது. பெலிசியா மேடத்துக்கு "வருது மேடம்" என்று மெசேஜ்கூட அனுப்பிவிட்டேன்.

நெட் அறுந்தது.

கீழே இறங்கி வந்தேன். ஜன்னல் ஓரத்தில் மாமா நின்றிருந்தார். கையில் ரவுட்டரிலிருந்து பிடுங்கிய ஒயர். அண்ணி கற்பூரத் தட்டோடு பக்கத்தில். அண்ணன் நாற்காலியில், டிவி முன்னால்.

"ஒண்ணுமில்லம்மா" என்றார் மாமா, சங்கடமாக. "புஷ்பாதான் சொன்னா, ஒரு தடவ என் கையால போட்டுட்டா நெலைச்சு நிக்கும்னு."

"எல்லாம் ஒன் நல்லதுக்குத்தான் திலகா" என்றாள் அண்ணி. "எமகண்டத்துல போட்டிருக்க. இன்னா அவசரம் ஒனக்கு?"

அதுவரை எனக்குள் கொதித்துக்கொண்டிருந்தது அடங்கி, குரல் எனக்கே ஆச்சரியமாக நிதானத்துக்கு வந்தது.

"மாமா, உங்க கை ராசியான கைதான். நான் இல்லன்னு சொன்னதேயில்ல. திருவந்திபுரத்துல என் கல்யாணத்துல தாலிய எடுத்துக் குடுத்ததும் இந்தக் கைதான்."

அண்ணியின் தட்டில் கற்பூரம் எரிந்து முடிந்தது. மாமா நல்ல மனிதர், அவரை அப்படி அடித்திருக்க வேண்டாம் என்று ஒரு பக்கம் தோன்றியது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்கு மனசில்லை. அவர் தன் கையைப் பார்த்தார். அப்புறம் ஒயரை என்னிடம் நீட்டினார்.

வாங்கிச் செருகினேன். மாடிக்குப் போய் ஃபைலை முதலிலிருந்து அனுப்பினேன். ஆபீஸ் மூடுவதற்குள் போய்ச் சேர்ந்தது. என் இடம் எனக்கே நின்றது.

மாமா அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எதையும் முதலில் தொட வந்ததில்லை, என்னைப் பார்த்தால் பழைய மாதிரியே "நல்லாருக்கியாம்மா?" என்பார். அண்ணி ஒரு வாரம் பேசாமல் இருந்து, அப்புறம் பேசினாள். அவர்கள் இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டது. அவர்கள் நம்பினார்கள், செய்தார்கள். அண்ணன் எதையும் நம்புகிறவன் இல்லை. எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். எல்லாம் தெரிந்தும் ஒவ்வொரு "இரு திலகா"வுக்கும் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தானே, அவன் மேல்தான் இன்னும் தீரவில்லை.