ஏறி இறங்கும் எழுத்து

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து மேரி ரோஸ் தனியாகத்தான் கடல் தாண்டிச் சொந்த ஊரான வங்காலைக்குத் திரும்பினாள். சண்டைக் காலத்தில், சின்ன வயதில் படகேறிப் போனவள். ஊர் எப்படி ஏற்றுக்கொள்கிறது என்று அவள் பார்த்துச் சொன்னால், மகளையும் கூட்டிக்கொண்டு வருவதாகக் கணவன் பிரதீபன் சொல்லியிருந்தான். முகாமில் பதிவை வெட்டிக்கொண்டு வந்துவிட்டால் பிறகு அங்கே இடம் கிடையாது. அதனால் அவள் சொல்லப்போகும் ஒரு சொல்லுக்காக அவன் காத்திருந்தான்.

ஊர்க்காரர்களுக்கு ஃபேஸ்புக்கில் ஒரு குழு இருந்தது. மேரி ரோஸை அதில் சேர்த்துவிட்டவள் பிரஷாந்தி. பக்கத்து வளவுக்காரி. பள்ளியில் ஒரே வாங்கில் உட்கார்ந்தவர்கள், கோயிலில் முதல் நன்மையும் சேர்ந்தே எடுத்தவர்கள். ஊரில் இவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே நெருக்கம் அவள்தான். எல்லாரையும் போல இவளும் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினாள். முகாமில் ஒட்டிக்கொண்ட 'ங்க' மட்டும் போகவில்லை. 'நம்ம கோயில் மணிச் சத்தம் கேட்டேங்க, அழுதுட்டேங்க.'

'கடற்காத்து' என்ற பெயரில் யாரோ அதே வசனத்தைத் திருப்பிப் போட்டார்கள். ஒரு எழுத்துப் பெரிது, அடுத்தது சின்னது, திரும்பப் பெரிது என்று வரி முழுக்க ஏறி இறங்கியது. கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். அவள் எதை எழுதினாலும் இதே கதைதான். செபக் கூட்டத்தில் ஒருவர் சொல்ல மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்வதைப் பார்த்து வளர்ந்தவள் அல்லவா? இதையும் அப்படியே எடுத்துக்கொண்டாள். ஒவ்வொன்றுக்கும் கைகூப்பும் படம் போட்டு நன்றி சொன்னாள். நக்கலடித்தவர்களைப் போய்க் கும்பிட்டிருக்கிறாள், பாவம்!

"ஏன்டி எழுத்து இப்படி ஏறி இறங்குது?" என்று ஒருநாள் பிரஷாந்தியிடம் கேட்டாள்.

"அது இப்பத்தைய ஸ்டைல். உன்ர கதையில அவையளுக்கு நல்ல விருப்பம்." மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்த பிரஷாந்தி நிமிராமலே சொன்னாள்.

மேரி ரோஸ் எல்லாவற்றையும் படமெடுத்துப் பிரதீபனுக்கு அனுப்பினாள். 'ஊரே என் பேச்சைத் திருப்பிச் சொல்லுது பாருங்க. கிளம்பி வாங்க.' அவனும் பதிவை வெட்டினான், டிக்கெட் எடுத்தான்.

அவர்கள் விமானம் ஏறும் நாள் காலை, மேரி ரோஸ் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் ரொட்டி வாங்கக் கடைக்குப் போனாள். கடைக்கார மார்த்தா, 'கடற்காத்து' புதிதாகப் போட்டதை ஃபோனில் பார்த்து, குரலை ஏற்றி இறக்கி, மூக்கால் வாசித்துக்கொண்டிருந்தாள்: "எம் புள்ள காலுல நம்ம கடல் தண்ணி படணும்." நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவளைக் கண்டதும் மார்த்தாவின் முகம் செத்துப்போனது.

"ஏங்க அப்படிப் படிக்கிறீங்க?"

"குறை நினையாதேங்கோ பிள்ளை. எழுத்தை இப்பிடி ஏத்தி இறக்கிப் போட்டா நக்கல் எண்டுதானே அர்த்தம். எல்லாரும் இப்பிடித்தான் வாசிக்கிறவை."

போட்ட கும்பிடெல்லாம் நினைவுக்கு வர அவளுக்கு உடம்பு கூசியது. அதைக்கூடப் பொறுத்திருப்பாள். ஆனால் இந்த வசனத்தை அவள் குழுவில் எழுதவேயில்லை. பிரஷாந்தியின் குசினியில், அடுப்பருகே, பிரஷாந்தியிடம் மட்டும், கண் கலங்கிச் சொன்னது.

பாண் வாங்காமலே நேரே பிரஷாந்தி வீட்டுக்குப் போய், "கடற்காத்து நீதானா?" என்று கேட்டாள். பிரஷாந்தி மறுக்கவில்லை.

"பகிடிக்குத்தான் போட்டனான். நாங்கள் இஞ்ச ஷெல்லுக்க கிடந்து சாக, நீ அங்க இருந்திட்டு வந்து நம்ம ஊரு, நம்ம ஊரு எண்டா எரியாதே?"

"எரிஞ்சா என் மூஞ்சிக்கு நேரா திட்டியிருக்கலாமே! ஸ்டைலுன்னு சொன்னது நீதானே? உன்னை நம்பித்தானே அவரை வரச் சொன்னேன்!"

பிரஷாந்தி பதில் சொல்லுமுன் மேரி ரோஸின் ஃபோன் அடித்தது. எடுத்த அவசரத்தில் ஸ்பீக்கரில் விழுந்துவிட்டது. மகள்தான்.

"அம்மா, ஏர்போர்ட் வந்துட்டோம்! பிரஷாந்தி சித்திக்கு அல்வா வாங்கியிருக்கேன். சித்தி என்னைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போவாங்கல்ல?"

மேரி ரோஸ் ஃபோனைப் பிரஷாந்தியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"உன்னைத்தான் கேக்குறா," என்றாள். "சொல்லு."