இடக்கைக்குச் செய்த கிதார்

ரெனிட்டா பெட்டியின் கொக்கிகளை விடுவித்து மூடியைத் தூக்கினாள். அப்பா பதினான்கு மாதமாகக் காத்திருந்த பேஸ் கிதார் உள்ளே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், ஆலயத்தில், பூக்களுக்கு நடுவே அப்பா. அடக்க ஆராதனைக்கு இன்னும் நாற்பது நிமிடம்.

புதுக் கிதார் முதலில் இந்தச் சபையில்தான் ஒலிக்க வேண்டும் என்று அப்பா லெமுவல், ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, கேட்டிருந்தார். சரிப்பா என்றாள். செவ்வாய்க்கிழமை இரண்டாவது பக்கவாதம் வந்து ஆளைக் கொண்டுபோய்விட்டது. சொன்ன சொல் மட்டும் அவளிடம் மிச்சம்.

கிதாரைச் செய்த ஹாலிஸ் தானே வண்டியோட்டிக் கொண்டுவந்திருந்தார். கறுப்புக் கோட்டின் கைமடிப்பில் மரத்தூள். தன் வேலையை யாராவது தொட்டுப் பார்க்கும்போது அவருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியாது போலிருக்கிறது, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கிதாரின் மரம், ரெனிட்டா வீட்டு வாசலில் நின்ற ஆஷ் மரம். வண்டு அரித்து டெட்ராய்ட் முழுக்க மரங்களை வெட்டிய வருடம், அப்பா ஒரு பலகையைக் காப்பாற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவைத்தார். அம்மா இருந்தவரை அதற்காகவே அவரைத் திட்டினாள். இப்போது அதில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. ஏழு வயதில், காணாமல் போன பூனைக்காக நோட்டீஸ் ஒட்ட ரெனிட்டா அடித்த ஆணி. ஹாலிஸ் அதை இழைத்து எடுக்காமல் விட்டிருந்தார். கழுத்தில் வார்னிஷ் இல்லை, வெறும் எண்ணெய். கண்ணை மூடிப் பிடித்துப் பார்த்தாள். கைக்குள் அப்படியே உட்கார்ந்தது.

வாரைத் தோளில் மாட்டியதும் எல்லாம் குழம்பிவிட்டது. கீழே இருக்க வேண்டிய ஒலிக் குமிழ்கள் மேலே வந்தன. மேலே இருக்க வேண்டிய தடித்த கம்பி கீழே போனது.

"மிஸ்டர் ஹாலிஸ், இது இடக்கைக்காரங்க வாசிக்கிறது. எங்கப்பா வலக்கைக்காரர்."

"தெரியும்மா."

"அப்ப தப்பா செஞ்சுட்டீங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் அத்தை மகன் டெரல் உள்ளே வந்தான். வசந்தத்தில் அப்பாவுக்கு முதல் பக்கவாதம் வந்ததிலிருந்து சபையில் பேஸ் வாசிப்பவன் அவன்தான். கிதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தன்னால் இதை வாசிக்க முடியாது என்றான்.

"பத்து நிமிஷம் குடுக்கா, கம்பிய மாத்திப் போட்டுடறேன்."

தடித்த கம்பி மெல்லிய கம்பியின் பள்ளத்தில் உட்காராது, கழுத்து நுனியில் கம்பிகளைத் தாங்கும் எலும்புக் கட்டையை அரத்தால் ராவ வேண்டும் என்றார் ஹாலிஸ். பையில் அரம் இருந்தது. ஆனால் எடுக்கவில்லை.

"ஏப்ரல்ல பஸ் ஏறி வந்தாரும்மா. இடது கையில கடைசி ரெண்டு விரல் மடங்கலன்னு காட்டினாரு. இத வெச்சு மீட்டத்தான் முடியும், அழுத்த முடியாது, அதனால மாத்திச் செய்யின்னாரு. புதுசா கத்துக்க மூணு வருஷம் ஆகும்னேன். அப்ப சீக்கிரம் செஞ்சு முடின்னாரு."

"எழுபத்தோரு வயசுலயா?"

ஹாலிஸ் கைமடிப்பிலிருந்த மரத்தூளைத் தட்டினார்.

அந்த ஏப்ரலில்தான், வாசித்தது போதும்ப்பா, உட்கார்ந்து கேளுங்க என்று சொல்லி, டெரலைக் கேட்டு அவனை அந்த இடத்தில் உட்கார வைத்தாள் ரெனிட்டா. அப்பா தலையாட்டினார். நிம்மதியாகிவிட்டார் என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது. அது அவர் மேலா, தன் மேலா என்று தெரியவில்லை. அவ்வளவு நாளும் எதிர் நாற்காலியில் சூப் குடித்த மனிதர் யார்?

டெரல் ஹாலிஸின் பையிலிருந்து அரத்தை எடுத்தான்.

"வேணாம்டா. அப்படியே இருக்கட்டும்."

"அப்ப மாமாவுக்குக் குடுத்த வாக்கு?"

அப்பா வழக்கமாக நின்ற இடத்தில், ஆர்கனுக்குப் பக்கத்தில், கிதாரைத் தாங்கியில் நிறுத்தச் சொன்னாள். ஒயரைச் செருகி ஆம்ப்ளிஃபயரைப் போட்டுவிட்டு, முன் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

முதல் பாட்டில் ஆர்கன்காரம்மா தாழ்ந்த சுரத்துக்கான அடிக்கட்டையைக் காலால் மிதித்தாள். அந்த அதிர்வில், தொடுவாரில்லாமல் நின்ற கிதாரின் தடித்த கம்பியும் நடுங்கியது. ஸ்பீக்கரிலிருந்து தாழ்ந்த, நீண்ட ஒரு முனகல் வந்தது. வெள்ளைக் கையுறை போட்ட சபை ஊழியர் ஒருவர் ஏதோ கோளாறென்று குனிந்து சுவிட்சில் கை வைத்தார். ரெனிட்டா அவரைப் பார்த்து, வேண்டாமென்று தலையை அசைத்தாள்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். கம்பி அடங்குவதற்குள் ஆர்கன்காரம்மா மறுபடியும் மிதித்தாள்.