மத்தலேனாவின் இருநூற்றுப் பதின்மூன்றாவது பிரஷ்

ஃபலனிகோவின் இடது தொடையில் முதல் கறுப்புப் பட்டை விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு. அந்த நேரத்தில் அவன் தாரோக் கிழங்குத் தோட்டத்தில் தனியாகக் களை பிடுங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஊசியில்லை, மையில்லை, பச்சை குத்துகிற ஆள் இல்லை. போட்டிருந்த நீளக் காற்சட்டையில் ஒரு நூல்கூட அறுபடவில்லை. துணிக்கு உள்ளே, தோலில், நாலு விரல் அகலத்துக்கு, மீன்முள் வரிசை மாதிரி ஒரு பட்டை ஒரே அடியில் இறங்கி ரத்தம் கசிந்தது. அவன் போட்ட அலறலில் அடுத்த தோட்டத்துப் பன்றிகள் வேலியை உடைத்துக்கொண்டு கடற்கரை வரை ஓடின. அவற்றில் ஒன்று இன்றுவரை கிடைக்கவில்லை.

சவாயீ தீவில் ஃபலனிகோவின் காற்சட்டையைத் தெரியாதவர்கள் கிடையாது. எல்லா ஆண்களும் லாவாலாவாத் துணியைச் சுற்றிக்கொண்டு திரிகிற வெயிலில் இவன் மட்டும் இருபத்தாறு வருஷமாகக் கணுக்கால் வரை மூடிக்கொண்டு நடந்தான், கடலில் இறங்கினாலும் அதோடுதான் இறங்கினான். காரணம் அவனுடைய பெயா. இடுப்பிலிருந்து முழங்கால் வரை குத்திக்கொள்கிற பச்சை அது. முதுகின் அடியில் ஆரம்பித்து, தொடைகளுக்கு வந்து, கடைசியில் தொப்புளில் ஒரு குறியோடு முடியும். தொப்புளில் விழும்வரை அது முடிந்ததாகாது. நடுவில் எழுந்து ஓடியவனுக்குச் சாகும்வரை அரைப்பெயா என்று பெயர். ஃபலனிகோ இருபத்திரண்டாம் வயதில், மூன்றாம் நாள் காலை, பாயிலிருந்து எழுந்து பின்வாசல் வழியாக ஓடினான். முதுகு முடிந்திருந்தது, தொடைகள் வெறுமையாக இருந்தன. அவன் ஓடியதோடு போயிருந்தால்கூடச் சரி. பெயாவை ஜோடியாகத்தான் குத்திக்கொள்வார்கள். ஜோடிக்காரனுக்கு சோவா என்று பெயர். இவனுடைய சோவா யோசேஃபா பல்லைக் கடித்துக்கொண்டு பன்னிரண்டு நாளும் தனியாகக் கிடந்து தொப்புள்வரை முடித்தான். ஆனால் முடிவில் துஃபுங்கா, அதாவது குத்துகிற பெரியவர், இருவர் தலையிலும் சேர்த்து முட்டை உடைத்து எண்ணெய் தடவினால்தான் சடங்கு நிறைவேறும். ஒருவன் இல்லாமல் எனக்கு மட்டும் வேண்டாம் என்று யோசேஃபா சொல்லிவிட்டான். பெரியவர் செத்தும் போனார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

இப்போது மத்தலேனாவுக்கு வருகிறேன். சலெலோலோங்காவில், கப்பல் துறைக்குப் போகிற சாலையில், பேனர் அடிக்கிற கடை அவளுடையது. சாவு பேனர், பிறந்தநாள் பேனர், பட்டம் கட்டுகிற பேனர், எல்லாவற்றுக்கும் அவள்தான். கணினியில் தானே செய்த பிரஷ்கள் இருநூற்றுப் பன்னிரண்டு வைத்திருந்தாள். மேக பிரஷ், செம்பருத்தி பிரஷ், வழுக்கைத் தலைக்காரர்களுக்கென்று தேங்காய் நாரிலிருந்து எடுத்த முடி பிரஷ். இவற்றுக்கு மயிரும் கிடையாது, கைப்பிடியும் கிடையாது. ஒரு போட்டோவை எடுத்து, வேண்டியதை மட்டும் வெட்டி, கறுப்பு வெள்ளையாக்கி, இதை முத்திரையாக வைத்துக்கொள் என்று மென்பொருளிடம் கொடுத்துவிடுவாள். கறுப்பு பதியும், வெள்ளை பதியாது. அப்புறம் எத்தனை தடவை மவுஸை அழுத்தினாலும் அத்தனை தடவை அதே உருவம். அதில் ஒரு தூசி ஒட்டியிருந்தால் தூசியும் அத்தனை தடவை. இத்தனை பிரஷ்களால் இத்தனை வருஷத்தில் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. நாரில் முடி வைத்த வழுக்கைகள் வழுக்கையாகவே இருந்தன. இருநூற்றுப் பதின்மூன்றாவது மட்டும் ஏன் இப்படிச் செய்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரிப் பேசுகிறவர்களையும் நம்பாதீர்கள்.

நடந்தது இதுதான். ஃபலனிகோவுக்கு அவனுடைய அப்பாவின் குடும்பத் தலைவர் பட்டத்தைச் சனிக்கிழமை கட்டுவதாக முடிவாகியிருந்தது. அவன் மனைவி சியேனி, ஊர்ச் சாலைக்குக் குறுக்கே கட்டுவதற்கு இரண்டு பக்கமும் படம் வைத்த பேனர் கேட்டு வந்தாள். வீட்டுக் குழாயடியில் அவன் குளிக்கும்போது முன்னாலும் பின்னாலும் அவனுக்குத் தெரியாமல் எடுத்த இரண்டு போட்டோக்களைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, கால் ரெண்டும் மொட்டையா இருக்கு. பேனர்லயாவது முடிச்சுக் குடு. ஊரு சிரிச்சுச் சிரிச்சு எனக்குக் காது மரத்துப் போச்சு."

"பேனர்ல பெயா, நேர்ல பேன்ட்டா? இன்னும் நல்லா சிரிப்பாங்கடி."

"நேர்ல தூக்கியா பார்க்கப் போறாங்க? நீ போடு. கஞ்சத்தனம் பண்ணாம முழுசா போடு."

மத்தலேனாவிடம் பெயா பிரஷ் இல்லை. கடைக்கு எதிரே மீன் விற்றுக்கொண்டு, லாவாலாவாவை இடுப்பில் தூக்கிச் செருகி, முழுப் பெயா தெரிய யோசேஃபா உட்கார்ந்திருந்தான். எண்ணெயில் பொரித்த பனிகேக்கே உருண்டைகளை ஒரு பொட்டலம் கொடுத்து, தொடையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்றாள். மூஞ்சி வராமல் எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு அவன் தின்ன ஆரம்பித்தான். யாருக்கு என்று அவன் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. அந்தத் தொடையில், தேங்காய் உரிக்கிற கம்பு குத்திய தழும்பு ஒன்று பிறை மாதிரி இருந்தது. மத்தலேனா அதையும் கோலத்தின் ஒரு பகுதி என்று நினைத்து அழிக்காமல் விட்டுவிட்டாள். இருநூற்றுப் பதின்மூன்றாவது பிரஷ் அப்படித்தான் உண்டானது.

அவளுக்கு ஒரு குணம் உண்டு. எதையும் ஒரே தடவையில் வைக்கமாட்டாள். வைப்பாள், தலையைச் சாய்த்துப் பார்ப்பாள், உதட்டைப் பிதுக்குவாள், கன்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அழுத்தி எடுத்துவிட்டு, ஒரு நூல் தள்ளி மறுபடி வைப்பாள். வாடிக்கையாளர்கள் இதைப் பெரிய நேர்த்தி என்று பாராட்டுவார்கள். தோட்டத்திலிருந்து நொண்டியபடி ஓடிவந்த ஃபலனிகோவுக்கு அந்த நேர்த்தி எப்படி இருந்தது என்பதை ஊரே பார்த்தது. காற்சட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார்கள். எல்லோர் கண்ணெதிரிலும் பட்டை மறைந்தது. விழும்போது எப்படிக் கத்தினானோ அப்படியே மறையும்போதும் கத்தினான். கால்மணி நேரத்துக்குள் அதே பட்டை ஒரு நூல் மேலே விழுந்தது, மறைந்தது, பெரிதாக விழுந்தது, மறைந்தது, சிறிதாக விழுந்தது. ஐந்தாவது தடவைதான் அவளுக்குத் திருப்தி. போதகர் வேதப் புத்தகத்தோடு வந்தார், பட்டை நகர்வதைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி நர்ஸ் பஞ்சை வைத்து அழுத்தினாள். பஞ்சுக்கு அடியிலேயே அடுத்தது விழுந்தது. சுறா கடித்தால் என்ன செய்ய வேண்டும், பேய் பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த ஊர், இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன்.

முதலில் புரிந்துகொண்டவள் சியேனி. பட்டை தயங்கித் தயங்கி இடம் தேடுவதை அவள் கடையில் உட்கார்ந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். முகம் வெளிறிப்போய்க் கடைக்குப் போன் போட்டாள். வேலை நேரத்தில் மத்தலேனா போனை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிடுவாள் என்பது தீவுக்கே தெரியும். ஃபலனிகோவைப் பாயில் கிடத்திப் பிக்கப் வண்டியில் ஏற்றினார்கள். அங்கிருந்து சலெலோலோங்காவுக்கு ஒரு மணி நேரம். வழியில் வலது தொடை நிரம்பத் தொடங்கியது. பன்னிரண்டு மணிக்குத் திடீரென்று எல்லாம் நின்றது. வண்டியில் இருந்தவர்கள் பாட்டுப் பாடிக் கடவுளுக்கு நன்றி சொன்னார்கள். மத்தலேனா பன்றிக்கறி பன் தின்றுகொண்டிருந்தாள்.

கை துடைத்துவிட்டு அவள் மறுபடி மவுஸைத் தொடப் போகையில் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். காலையிலிருந்து திரையில் தான் அழகு பார்த்துக்கொண்டிருந்த இரண்டு கால்களும் ரத்தம் சொட்டத் தரையில் கிடப்பதை அவள் பார்த்தாள். எழுந்தவள் நாற்காலி இருப்பதை மறந்து தரையிலேயே உட்கார்ந்தாள். கையை லாவாலாவாவில் தேய்த்துக்கொண்டே இருந்தாள், அதில் ரத்தம் ஒன்றும் இல்லாதபோதும்.

"நாலஞ்சு தடவை எடுத்து எடுத்து வெச்சேனே," என்றாள். "ஐயோ, ஒவ்வொண்ணையும் நாலஞ்சு தடவை வெச்சேனே அண்ணே."

"எடுத்துடு," என்றான் ஃபலனிகோ. "எல்லாத்தையும் எடுத்துடு. பழையபடி ஆயிடறேன். பேன்ட் போட்டுக்கறேன்."

எடுக்க முடியும். மென்பொருள் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்தது. ஒவ்வொன்றாகப் பின்னால் போனால் சனிக்கிழமைக்கு அவன் அதே மொட்டைத் தொடைகளோடும் அதே காற்சட்டையோடும் பட்டம் வாங்கலாம். முன்னால் போனால் இன்னும் பின்தொடைகள் இரண்டும், கடைசியாகத் தொப்புளும் பாக்கி. நடுவில் நிறுத்தினால் ஊரில் யாருக்கும் இல்லாத விதத்தில் இரண்டு தடவை அரைப்பெயா. மத்தலேனா எட்டி ஒரு தடவை கன்ட்ரோல் இசட்டை அழுத்தினாள். வலது முழங்காலுக்கு மேலிருந்த பட்டை மறைந்தது. அந்த அலறல் சாலையைத் தாண்டிப் போயிற்று.

மீன் கடையிலிருந்து யோசேஃபா எழுந்து வந்தான். கூட்டம் வழி விட்டது. தரையில் கிடந்த கால்களைப் பார்த்தான். ஒவ்வொரு பட்டையின் ஓரத்திலும் ஒரு பிறைத் தழும்பு. குனிந்து தன் தொடையிலிருந்த பிறையைப் பார்த்தான், மறுபடி அவற்றைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துப்போனதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தன் தோலை இன்னொருவன் காலில் பதினெட்டு தடவை பார்த்தால் யாராக இருந்தாலும் அப்படித்தான் ஆகும். ஃபலனிகோ கண்களை மூடிக்கொண்டான். இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு யோசேஃபா அவனிடம் பேசிய முதல் வார்த்தைகள் இவை:

"ஓடறதுன்னா முன்வாசல் வழியா ஓடு. இந்தக் கடைக்குப் பின்வாசல் கிடையாது."

யாரும் சிரிக்கவில்லை. ஃபலனிகோ மட்டும் சிரித்தான், பிறகு அழுதான். யோசேஃபா பாயின் தலைமாட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்து அவன் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். கையெல்லாம் மீன் வாசனை.

"பயமா இருக்குடா சோவா," என்றான் ஃபலனிகோ.

"எனக்கு மட்டும் இல்லாமலா இருந்துச்சு? பக்கத்துப் பாய் காலியா இருந்துச்சுடா. பன்னெண்டு நாளும் அதையே பார்த்துக்கிட்டுக் கெடந்தேன்."

ஃபலனிகோ மெதுவாகக் கவிழ்ந்து படுத்து, முகத்தை யோசேஃபாவின் மடியில் புதைத்து, பின்தொடைகளைக் காட்டினான். "போடு," என்று மத்தலேனாவிடம் சொன்னான். அவள் மாட்டேன் என்றாள். சியேனி அவள் கையைப் பிடித்து மவுஸின் மேல் வைத்தாள். பெண்கள் விசிறினார்கள், ஆண்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து தோலை இழுத்துப் பிடித்தார்கள், கணினிக்கு அது தேவையில்லை என்றாலும். பெயா குத்தும்போது பாடுகிற பாட்டைப் பாடினார்கள். மத்தலேனா அன்று மதியம் ஒரு தடவைகூடக் கன்ட்ரோல் இசட்டைத் தொடவில்லை. ஒவ்வொரு பட்டைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, திரையில் மூக்கு இடிக்கிற மாதிரிக் குனிந்து, ஒரே தடவை அழுத்தினாள். எடுத்துவிட்ட பட்டையும் திரும்பி வந்தது. நாலு மணிக்கு அவனைத் திருப்பிப் படுக்க வைத்தார்கள். பிரஷைச் சின்னதாக்கித் தொப்புளின் மேல் கொண்டுபோனாள். ஃபலனிகோ அவளைப் பார்க்கவில்லை, தலைகீழாகத் தெரிந்த யோசேஃபாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிளிக் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவன் கத்தவில்லை. மொத்தம் முப்பத்தெட்டுப் பட்டைகள், முப்பத்தெட்டுப் பிறைகள்.

முட்டையை யார் உடைப்பது என்று அங்கேயே வாக்குவாதம் வந்தது. துஃபுங்காதான் உடைக்க வேண்டும், துஃபுங்கா என்றால் குத்தியவர், குத்தியது மத்தலேனா. பொம்பளை எப்படி என்று இரண்டு பெரியவர்கள் முனகினார்கள். அப்படியானால் நீங்கள் வந்து மவுஸைப் பிடித்திருக்க வேண்டியதுதானே என்று சியேனி கேட்டதும் அடங்கினார்கள். எதிர்க் கடையிலிருந்து முட்டை வந்தது. மத்தலேனா ஃபலனிகோவின் தலையில் ஒன்றை உடைத்தாள், மஞ்சள் அவன் காதில் வழிந்தது. திரும்பியபோது யோசேஃபாவும் பக்கத்தில் மண்டியிட்டுத் தலையைக் குனிந்து வைத்திருந்தான்.

"உங்களுக்கு நான் குத்தலையே அண்ணே," என்றாள்.

"என் காலை வெச்சுத்தானே குத்தின? சீக்கிரம் ஒடை. இருபத்தாறு வருஷமா கழுத்து வலிக்குது."

உடைத்தாள். இருவர் தொடைகளுக்கும் தேங்காய் எண்ணெய் தடவினார்கள். மிச்சமிருந்ததை யாரோ மவுஸின் மேலும் தடவிவிட்டார்கள். இரண்டு நாள் அது வழுக்கிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை பேனரைச் சாலைக்குக் குறுக்கே கட்டினார்கள். இரண்டு பக்கமும் நன்றாக வந்திருந்தது, மேகங்கள் குறிப்பாக. ஆனால் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. அதற்கு நேர் கீழே லாவாலாவாவைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஃபலனிகோவும் யோசேஃபாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.