படகு ஓடாத மாதம்

ஏசி மெக்கானிக்குக்கு வெயில்தான் சாப்பாடு. வெயில் ஏறினால் அவருடைய போன் வாய் ஓயாது. மழை பிடித்துக்கொண்டால் ஈ ஓட்டுவார். மனைவி பள்ளிச் சீருடை தைப்பவள். பள்ளி திறப்பதற்கு முன் வரும் கோடையில் அவளுக்கும் தலைக்கு மேல் வேலை. ஆகவே கல்யாணமான நாள் முதல் அந்த வீட்டில் சுற்றுலா என்றால் பெட்டியோடு குடையும் போகும். மலைக்குப் போனார்கள், மூடுபனி. அருவிக்குப் போனார்கள், வெள்ளம் என்று குளிக்கத் தடை.

தீவுக்குப் போகலாம் என்று முடிவானபோதும் மெக்கானிக் பழக்கதோஷத்தில் மழை மாதத்தையே சொன்னார். பயண அலுவலகம் நடத்தும் மச்சான், மனைவியின் தம்பி, கணினியிலிருந்து தலையை நிமிர்த்தினான்.

“மாமா, நம்ம நாட்டுத் தீவுதான், பாஸ்போர்ட் வேண்டாம். ஆனா வெளிநாடே பக்கம்னு தோணிடும். ரெண்டு விமானம், அப்புறம் படகு. நீங்க சொல்ற மாசம் சின்னத் தீவுக்குப் படகு ஓடாது.”

“ஏன், படகுக்காரனுக்கும் லீவா?”

“கடல் கொந்தளிக்கும் மாமா. பெரிய தீவோட நின்னுக்கணும். அங்கயும் தண்ணியில இறங்க விடமாட்டாங்க.”

“இறங்கலன்னா என்ன? ரூம் ஜன்னல்ல பாத்தா கடல் தெரியாதா?”

“தெரியும், ஜன்னல்ல மழைத்தண்ணி வழியாம இருந்தா.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி சிரிக்கவில்லை. இந்தக் கடலுக்காகவே போன வருடம் அவள் குளத்தில் நீச்சல் பழகச் சேர்ந்தாள். கூடப் பழகிய பொடிசுகள் அவளுக்கு நீர்மூழ்கி என்று பெயர் வைத்தார்கள். இப்போது நடுவில் நிற்காமல் இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வருகிறாள். சின்னத் தீவில் மார்பளவு ஆழத்திலேயே பவளப்பாறை தெரியுமாம். அதன் மேல் ஒருமுறை மிதக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

வீடு வந்ததும் மெதுவாகச் சொன்னாள். “பெரிய பள்ளிக்கூடத்து ஆர்டரை இந்தக் கோடைக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன்.”

“எப்போ?”

“போன வாரம்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.”

“சொன்னா வேண்டாம்பீங்க. நான் வெயில்லதான் போறேன். நீங்க வரலன்னா தம்பி பொண்டாட்டிய கூட்டிக்கறேன்.”

அவள் கோபமாகப் பேசியிருந்தால் அவரும் ஏதாவது சொல்லியிருப்பார். மருந்துக் கிடங்கின் குளிர் அறைகள்தான் அவருக்குச் சோறு போடுபவை. கோடையில் அங்கே ஒரு நாள் இயந்திரம் நின்றால் சரக்கு பாழ். இவர் ஊரில் இல்லையென்றால் அடுத்த தெரு மெக்கானிக்கைத்தான் கூப்பிடுவார்கள். எந்தக் கோளாறுக்கும் கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்லும் அந்த ஆளுக்குக் கேஸ் என்றே பெயர் வைத்து ஊரெல்லாம் பரப்பியவர் இவர்தான்.

கொஞ்ச நேரம் போனை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு அந்தக் கேஸையே அழைத்தார்.

“அண்ணே, நீங்களா? கை தவறிப் பட்டுடுச்சா?”

“இல்ல. வெயில் மாசத்துல ஒரு வாரம் ஊர்ல இருக்க மாட்டேன். மருந்துக் கிடங்கை நீங்கதான் பாத்துக்கணும்.”

“பாத்துக்கறேன். அப்புறம் அவங்க என்னையே புடிச்சிக்கிட்டா?”

“புடிச்சிக்கட்டும். கேஸ் மட்டும் அடிக்காதீங்க, அது சரியா இருக்கு.”

கேஸ் வாய்விட்டுச் சிரித்தார்.

மெக்கானிக் போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். “எனக்கு நீச்சல் தெரியாதே. அங்க வந்து நான் என்ன பண்றது?”

“கரையில நில்லுங்க. செருப்பைப் பாத்துக்க ஆள் வேணும்ல.”

அவர் மச்சானை அழைத்து, மாதத்தை மாற்றச் சொன்னார்.