ஜெயபாலன்-சான்

காலை ஒன்பது ஐந்துக்குக் கதவைத் திறந்தார்கள்.

வரிசையில் முதலில் நின்றவர்கள் மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த மூன்று பெண்கள். ஆலிஸ் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கே போனாலும் அரை மணி நேரம் முன்னதாகப் போய் நிற்பார். தினேஸ்வரி ஈப்போவின் சிலிபின் பகுதியில் பள்ளி வேன் ஓட்டுகிறாள். புஷ்பலதா அதே வட்டாரத்தில் வீட்டிலேயே துணி தைக்கிறாள். செவ்வாய்க்கிழமைகளில் தேவாலய மண்டபத்தில் மூன்று பேரும் ஒட்டுப்போர்வை தைப்பார்கள். ஜப்பானில் நடக்கும் இந்தப் போர்வைக் கண்காட்சிக்கு மூன்று பேரும் விண்ணப்பித்தார்கள். புஷ்பலதாவின் போர்வை தேர்வானது. மற்ற இருவரும் அது தொங்குவதைப் பார்க்க வந்தார்கள்.

"எட்டரைக்கே கொண்டாந்து நிக்க வச்சிட்டீங்க," என்றாள் தினேஸ்வரி. "கிளினிக்ல நம்பர் எடுக்கிற மாதிரி."

"லேட்டா வந்தா முன்னாடி நிக்கிறவங்க மண்டையத்தான் பாக்கணும்," என்றார் ஆலிஸ்.

"இங்க உள்ளவங்க எல்லாம் என் தோள் வரைக்கும்தான் இருக்காங்க அக்கா. நம்ம லதா மண்டைதான் மறைக்கும்."

புஷ்பலதா சிரித்தாள். கோபே நகரத்துக்கு வந்து இரண்டு நாளில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஆலிஸும் தினேஸ்வரியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மண்டபத்தில் நானூறு போர்வைகள். இரும்புக் குழாய்களில் வரிசையாகத் தொங்கின. யாரும் சத்தமாகப் பேசவில்லை. அவர்களுடைய எண் இருநூற்றுப் பதினான்கு. இரண்டு தடவை தவறான வரிசைக்குள் போனார்கள். மூன்றாவது திருப்பத்தில் தினேஸ்வரி நின்றாள்.

"இதோ," என்றாள்.

வீட்டுக் கூடத்தில் அந்தப் போர்வையை முழுதாக விரிக்க இடம் இருந்ததில்லை. பாதி பாதியாகத்தான் பார்த்திருந்தார்கள். இப்போது தலைக்கு மேலிருந்து முழங்கால் வரை ஒரே துணியாகத் தொங்கியது. எல்லாம் மெழுகுச் சாயம் போட்ட பாத்தேக் கைலிகள். பச்சை, காவி, வெளுத்துப்போன ஊதா. புஷ்பலதாவின் அம்மா முத்தம்மா சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போனபோது கட்டியவை. ரப்பர்ப் பால் பட்ட இடமெல்லாம் கறுத்திருந்தது. அந்தக் கறை துவைத்தால் போகாது. புஷ்பலதா கறைகளை வெட்டி எறியவில்லை. அவை நடுவில் வரும்படி சதுரங்களை வெட்டியிருந்தாள்.

வயதான ஜப்பானியப் பெண் ஒருவர் கறைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய் ஆங்கிலத்தில் கேட்டார். இது என்ன சாயம்?

புஷ்பலதா ஆலிஸைப் பார்த்தாள். "பால்னு சொல்லுங்கக்கா."

"மில்க்," என்றார் ஆலிஸ்.

அந்தப் பெண் கண்ணை மூடி நீண்ட நேரம் தலையாட்டினார். பிறகு தோழியிடம் போய்ச் சொன்னார். தோழியும் தலையாட்டினார்.

"அக்கா, பசும்பால்னு நெனைச்சிட்டாங்க," என்றாள் தினேஸ்வரி.

"நெனைச்சிட்டுப் போறாங்க. இப்ப ஓடிப் போயி திருத்தணுமா?"

அப்போதுதான் புஷ்பலதா அட்டையைப் பார்த்தாள். போர்வைக்குப் பக்கத்தில் வெள்ளை அட்டை ஒட்டியிருந்தது. மேலே ஜப்பானிய எழுத்து. கீழே ஆங்கிலத்தில், பெரிதாக, ஜெயபாலன். அதற்கும் கீழே சிறிதாக, ஏ. பி. புஷ்பலதா, மலேசியா.

"இது என்ன கூத்து," என்று தொடங்கிய தினேஸ்வரி பெயரைப் படித்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

ஆலிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "நான்தான் லதா. விண்ணப்பப் பாரத்துல குடும்பப் பேருன்னு கேட்டான். ஐ.சி. அட்டையில உள்ளபடி போட்டேன். ஏ.பி.ய எங்க போடுறதுன்னு தெரியல. நடுப் பேருன்னு ஒரு கட்டம் இருந்துச்சு, அதுல போட்டுட்டேன்."

"பரவாயில்லக்கா," என்றாள் புஷ்பலதா.

ஜெயபாலன் அவளுடைய அப்பா. அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது லோரி ஓட்டத் தாப்பா என்ற ஊருக்குப் போனார். அங்கேயே வேறு ஒரு பெண்ணுடன் இருந்துவிட்டார். திரும்பி வரவில்லை. அவர் பெயர் மட்டும் இருந்தது. அடையாள அட்டையில், பள்ளிச் சான்றிதழில், கடப்பிதழில். ஏ.பி. என்றால் மலாய் மொழியில் மகள். ஜெயபாலனின் மகள்.

பத்தொன்பது நாள் முன்னால் அவர் தாப்பாவில் ஒரு முதியோர் இல்லத்தில் இறந்தார். இல்லத்திலிருந்து புஷ்பலதாவின் தம்பி கோகிலனுக்கு அழைத்தார்கள். அவன் போய்க் கொள்ளி வைத்தான். பதினாறாம் நாள் காரியத்தையும் அங்கேயே முடித்தான். அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது.

முத்தம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. தினமும் காலையில் குளித்துவிட்டு, குளியலறைக் கண்ணாடியில் பார்த்து, ஐம்பது காசு அளவுக்குக் குங்குமம் வைப்பார். கழுத்தில் மஞ்சள் கயிறு. நாற்பத்து மூன்று வருடமாக அவருக்குக் கணவன் இல்லை. ஆனால் கணவன் இருந்தார். சொன்னால் இரண்டையும் எடுக்க வேண்டும். எடுக்க வேண்டாம் என்று பிள்ளைகள் சொன்னாலும் அவரே எடுத்துவிடுவார்.

சொல்லிவிடலாம் என்றான் கோகிலன். நான் ஜப்பானுக்குப் போய்விட்டு வந்து சொல்கிறேன் என்றாள் புஷ்பலதா. விமானத்தில் ஏழு மணி நேரம் அவள் எதுவும் சாப்பிடவில்லை.

போர்வையின் முன்னால் ஆட்கள் சேர்ந்தார்கள். கழுத்தில் பச்சைப் பட்டை மாட்டிய தொண்டர் ஒருவர் அட்டையைப் படித்துவிட்டு, இதைத் தைத்தது யார் என்று சைகையில் கேட்டார். தினேஸ்வரி புஷ்பலதாவைக் காட்டினாள். அவர் பெயரோடு மரியாதைக்குச் 'சான்' சேர்த்துக் குனிந்து வணங்கினார்.

"ஜெயபாலன்-சான்."

புஷ்பலதாவும் குனிந்தாள்.

இன்னொரு பெண் வந்தார். குனிந்தார். "ஜெயபாலன்-சான்." படம் எடுத்துக்கொண்டார். பிறகு கைக்குழந்தையுடன் ஓர் இளம் தம்பதி. "ஜெயபாலன்-சான்." ஆறு தடவை அந்தப் பெயருக்குக் குனிந்தபின் புஷ்பலதா நிமிர்ந்து, "அக்கா, இந்த அட்டைய மாத்தணும்," என்றாள்.

"என்னன்னு மாத்துறது?"

"அம்மா பேரு. அவங்க கைலி. அவங்க வெட்டுன பாலு. இவரு என்னத்தப் பண்ணாரு?"

ஆலிஸ் கண்ணாடியைக் கழற்றினார். "செத்தவர் மேல என்னடி கோபம்?"

"உசுரோட இருந்தப்ப கோபப்படறதுக்கு ஆளு கெடைக்கலையே."

"அக்கா, வாங்க கேப்போம்," என்றாள் தினேஸ்வரி. "முடியாதுன்னா விட்டுடலாம். நாக்கா தேஞ்சிடும்?"

முகப்பு மேசையில் ஓர் இளம்பெண் இருந்தாள். அட்டையை மாற்ற வேண்டும் என்றதும், ஏ.பி. என்பது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஆலிஸ் விளக்கினார். அப்படியானால் ஜெயபாலன் உங்கள் பெயர் இல்லையா என்று புஷ்பலதாவிடம் கேட்டாள். இல்லை என்றாள் புஷ்பலதா. அம்மாவின் பெயர் எங்கே என்று கேட்டாள். எங்கேயும் இல்லை என்று ஆலிஸ் மொழிபெயர்த்தார். இளம்பெண் எழுந்து நின்று மூன்று தடவை மன்னிப்புக் கேட்டாள்.

"ஐயோ, இவங்க மேல தப்பே இல்லையே," என்றார் ஆலிஸ். "தப்பு என்னோடது."

அச்சிட நேரமாகும் என்பதால் வெற்று அட்டையும் தடித்த கறுப்புப் பேனாவும் கொடுத்தாள். உங்கள் எழுத்திலேயே எழுதலாம் என்றாள். புஷ்பலதா மேசையில் குனிந்து, பள்ளிக்கூடத்தில் எழுதுவதுபோல ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள்.

முத்தம்மா மகள் புஷ்பலதா.

சுழிகள் கொஞ்சம் கோணல். தினேஸ்வரி அதை ஊதிக் காயவைத்தாள். "நம்ம தமிழ்ப் பள்ளி டீச்சர் பாத்திருந்தா காதத் திருகியிருப்பாங்க," என்றாள். மூன்று பேரும் போய்ப் பழைய அட்டையை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டினார்கள். பழையதை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆலிஸ் அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

மதியம் மண்டபத்துக்கு வெளியே நீளப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கடல் தெரிந்தது. கடையில் வாங்கிய சோற்று உருண்டைகளைத் தினேஸ்வரி பிரித்து வைத்தாள். ஜாக்கெட் பையிலிருந்து நெத்திலி சம்பல் போத்தலை எடுத்தாள்.

"இத எப்படி உள்ள கொண்டாந்த? கேட்டிருப்பாங்களே," என்றார் ஆலிஸ்.

"மருந்துன்னு சொன்னேன்."

புஷ்பலதா ஓர் உருண்டையை முழுதாகச் சாப்பிட்டாள். பிறகு இன்னொன்று எடுத்தாள். தினேஸ்வரி அதைப் பார்க்காததுபோலக் கடலைப் பார்த்துக்கொண்டு போத்தலை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"ஊருக்குப் போனதும் நாங்களும் கூட வாரோம்," என்றார் ஆலிஸ். "நீ சொல்லும்போது. நீயும் கோகிலனும் மட்டும் தனியா இருக்க வேணாம்."

"சரிக்கா."

"குங்குமம் இருக்கட்டும்னு நான் எடுத்துச் சொல்றேன். நான் சொன்னா கேப்பாங்க."

"ஒங்களுக்கே குங்குமம் இல்ல, நீங்க என்ன சொல்றது," என்றாள் தினேஸ்வரி. "சிலுவையத்தான் மாட்டி விடுவீங்க."

ஆலிஸ் அவள் தொடையில் ஓர் அடி வைத்தார். புஷ்பலதா தண்ணீரைக் குடித்துக்கொண்டே சிரித்தாள், புரை ஏறியது. இரண்டு பேரும் அவள் முதுகைத் தட்டினார்கள்.

மணி ஒன்று. ஈப்போவில் பன்னிரண்டு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கோகிலன் வீட்டில் இருப்பான். உள்ளே போய்ப் போர்வையின் முன்னால் நின்று காணொளியில் அழைத்தாள்.

கோகிலன் திறன்பேசியை அம்மா கையில் கொடுத்தான். முதலில் அம்மாவின் நெற்றி மட்டும் தெரிந்தது. குங்குமம். பிறகு முழு முகம்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்மா. இங்க பாருங்க."

புஷ்பலதா திறன்பேசியைத் திருப்பினாள். முத்தம்மா முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுவந்தார்.

"எங் கைலியப் பாக்கவா இத்தன பேரு காசு குடுத்து வந்திருக்காங்க?"

"ஆமாம்மா. காலையிலேருந்து நிக்கிறாங்க."

"அந்தப் பச்ச கிழிஞ்சிருந்துச்சே."

"தச்சிட்டேன்."

"கறையோடவா மாட்டி வச்சிருக்க? வெக்கமா இல்ல?" முத்தம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கியது. புஷ்பலதா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, இன்னொண்ணு இருக்கு," என்றாள் தினேஸ்வரி. "பேரப் பாருங்க."

புஷ்பலதா திறன்பேசியை அட்டைக்கு அருகில் கொண்டுபோனாள். முத்தம்மா தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்துக் கூட்டிப் படித்தார். "முத்... தம்... மா." நிறுத்தினார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். தன் பெயரை வெளியே ஓர் அட்டையில் அவர் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆலிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நல்லா இருக்கா அம்மா?"

"நல்லா இருக்கு."

திரையில் முத்தம்மாவின் முகம் அசையவில்லை. தொடர்பு அறுந்துவிட்டது என்று புஷ்பலதா நினைத்தாள். பிறகு அம்மா கண் சிமிட்டியது தெரிந்தது. அவர் அட்டையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற மகனை நிமிர்ந்து பார்த்தார். கோகிலன் சன்னல் பக்கம் நகர்ந்துவிட்டான். முத்தம்மா மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"ஒங்க அப்பா பேரு ஒன் பேரோட வராம இருந்ததே இல்லையே," என்றார். குரல் தணிந்திருந்தது. "இருக்கிற மனுசன் பேர எடுக்க மாட்டியே நீ. லதா, அவரு இருக்காருல்ல?"