பதினொரு கையெழுத்து

இந்தக் காலத்தில் ஒருவனைத் தட்டிக்கொடுக்கக்கூட ஆபீஸில் கூட்டம் போடுகிறார்கள். முன்பெல்லாம் "விடுடா, பாத்துக்கலாம்" என்பார்கள், அவ்வளவுதான். சொன்னவன் பிறகு பார்த்துக்கொண்டானா என்று கேட்காதீர்கள். ஆனால் அதைச் சொல்ல அவனுக்கு ஒரு மணி நேரம் ஆகவில்லை.

நான் சலவை ஆலையில் அழுக்குத் துணி பிரிக்கிறவன். என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, அங்கேயே இஸ்திரி உருளையில் நின்றான். சுருண்டுபோன ஒரு விரிப்பை நேராக்கப் போனவனின் வலது கை மணிக்கட்டு வரை உள்ளே போய்விட்டது. எலும்பு இருக்கிறது. தோல்தான் இல்லை.

இருபத்தொரு நாள் வராதவன் பெயரைக் கம்ப்யூட்டர் தானாகவே தூக்கிவிடும். கடைசி நாள் மூன்று மணிக்குள் மேனேஜர் அம்மா விடுப்புத் தாளில் கையெழுத்துப் போட்டு ஏற்றினால்தான் வேலை நிலைக்கும். அந்தக் கடைசி நாளில் இரண்டு மணிக்கே தாளோடு போனேன்.

"ஃபைல்ல வச்சுட்டு நில்லுங்க பெரியவரே" என்றார் அம்மா.

வைத்தேன். அதன்மேலேயே கண்ணாடி போட்ட ஆபீசர் ஒரு பூப்போட்ட அட்டையை வைத்தார். அதுவும் மச்சினனுக்குத்தானாம். உள்ளே இங்கிலீஷில் என்ன எழுதுவது என்று பேச்சு தொடங்கியது.

"'யூ காட் திஸ்'னு போடலாம் மேடம். 'உன்னால முடியும்டா'ங்கற மாதிரி. தோள்ல கை போட்டுச் சொல்றது."

"உருளைல நிக்கற ஆள் தோள்ல நான் எதுக்குக் கை போடணும்? நாளைக்கு அவர் என் தோள்ல கை போடுவார்."

"அப்போ 'ஹேங் இன் தேர்'? 'தாக்குப்பிடி'ன்னு அர்த்தம்."

"அதுவும் சிநேகிதங்க பேசறது. ஒட்டாம, வெட்டாம ஒண்ணு சொல்லுங்க."

நான் இருமினேன். "அம்மா, அந்தத் தாள்..."

"இருங்க. இதுவும் உங்க ஆளுக்காகத்தானே?"

கடிகாரம் இரண்டே முக்கால். ஆபீசர் போனில் தேடித்தேடி, "'கீப் அப் த குட் வொர்க்'. யாருக்கு வேணும்னாலும் போடலாம் மேடம்" என்றார். அம்மா முகம் மலர்ந்தது.

"அப்படின்னா என்னங்க?" என்றேன்.

"நல்லா வேலை செய்யறீங்க, இப்படியே தொடருங்கன்னு அர்த்தம்."

"எந்தக் கையால தொடர்றது?"

ஆபீசர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அட்டையில் முதல் கையெழுத்தை அவர்தான் போட்டார். பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். ஒருத்தி பேனாவின் நிறம் பிடிக்காமல் வேறு பேனா எடுக்கப் போனாள். மொத்தம் பதினொரு கையெழுத்து. அட்டையை உறையில் போட்டு என் கையில் கொடுத்தபோதுதான் அடியில் இருந்த தாள் தெரிந்தது. மூன்று மணி ஏழு நிமிடம்.

அம்மா கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். "பேர் போயிடுச்சே. முன்னாடியே ஞாபகப்படுத்தக் கூடாதா பெரியவரே?"

"ரெண்டு மணியிலேர்ந்து கம்பமாட்டம் நிக்கிறேனே!"

"நின்னா போதுமா? வாயத் திறக்கணும்."

திறந்த வாயை மூடிக்கொண்டு மச்சினன் வீட்டுக்குப் போனேன். கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உறையைப் பல்லால் கிழித்தான். அட்டையைப் பார்த்ததும் கண் விரிந்தது.

"மாமா! மேடமே கையெழுத்துப் போட்டிருக்காங்க. லீவு குடுத்துட்டாங்களா?"

"வேலை போச்சுடா. இது வாழ்த்து."

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என்ன எழுதியிருக்கு?"

சொன்னேன். ஒரு வார்த்தைகூடக் குறைக்கவில்லை. குறைத்து என்ன ஆகப்போகிறது?

"நல்லா வேலை செய்யறேன்னுதானே எழுதியிருக்காங்க?" என்று இடது கையால் அட்டையை ஜன்னலில் நிறுத்தி வைத்தான். "பதினோரு பேரு மாமா. நாளைக்கு இதையே கொண்டுபோய்க் காட்டறேன். தன் கையெழுத்தத் தானே இல்லேன்னு சொல்லுவாங்களா?"

"சொல்ல மாட்டாங்க. இன்னொரு அட்டை குடுப்பாங்க."

"உங்களுக்கு யார்மேலதான் நம்பிக்கை இருந்திருக்கு?"

அவன் அட்டையைச் சற்றே நேராக்கினான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.